அரசரின் உடைவாளும் அம்மாவின் அரிக்கன் விளக்கும்... பொருள்களே மனிதர்களாகும் கதை!

தமிழ்நாட்டின் தென்மேற்கு எல்லையில் கேரளத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர் களியக்காவிளை. நவராத்திரி நெருங்கினால் இந்த ஊர் திருவிழாக்கோலம் பூண்டுவிடும். பத்மநாபபுரம் சரஸ்வதி தேவி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலை முருகன் ஆகிய மூன்று சாமிகளும் திருவனந்தபுரம் நவராத்திரி விழாவுக்கு இந்த வழியாகத்தான் போகும். எல்லையில் கேரள போலீஸார் அணிவகுப்பு மரியாதையோடு வரவேற்பார்கள்.

அந்த ஊர்வலத்தில் சாமிகளோடு இன்னொன்றும் போகும். அது திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள்!

வாள்தான் மன்னர்

திருவிதாங்கூரின் தலைநகர் ஒருகாலத்தில் பத்மநாபபுரம். 1795-ல் அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. மன்னராட்சியும் போய்விட்டது. ஆனாலும், பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் அந்த உடைவாளை முறைப்படி கைமாற்றிக் கொடுத்த பிறகே ஊர்வலம் புறப்படும். மன்னர் நேரில் வர வேண்டியதில்லை. வாள் வந்தால் அவரே வந்த மாதிரி.

இதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. 1750-ல் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். அதன் அடையாளமாக அவர் சுவாமியின் முன் வைத்ததும் தன் உடைவாளைத்தான். அன்றுமுதல் திருவிதாங்கூர் மன்னர்கள் 'பத்மநாப தாசர்' ஆனார்கள்.

ஆள் இல்லாத உருவப்படம்

ஓவியர்களுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். 1888-ல் வான்கோ இரண்டு நாற்காலிகளை வரைந்தார். ஒன்று அவருடையது. வைக்கோல் பின்னிய எளிய இருக்கை, அதன்மேல் அவருடைய பைப்பும் புகையிலையும். இன்னொன்று, அப்போது அவரோடு தங்கியிருந்த ஓவியர் கோகனுடையது. கைப்பிடி வைத்த நாற்காலி, அதன்மேல் எரியும் மெழுகுவத்தி, இரண்டு புத்தகங்கள். இரண்டு படங்களிலும் ஆளே இல்லை. ஆனால், யார் எப்படிப்பட்டவர் என்பது பார்த்ததுமே புரிந்துவிடும்.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் பர்ஸில் இருக்கும் புதிய 500 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். தூய்மை இந்தியா சின்னமாக ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் இருக்கும். அது யாருடையது என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்!

சாமானியர்களுக்கு யார் மரியாதை செய்வது?

மன்னரின் வாளுக்கு அரண்மனை இருக்கிறது. காந்தியின் கண்ணாடிக்கு ரூபாய் நோட்டு இருக்கிறது. பெயர் தெரியாத மனிதர்களின் பொருள்களுக்கு?

இந்தக் கேள்வியைக் கலையாக்கியவர் யாழ்ப்பாணத்து ஓவியர் தா.சனாதனன். யாழ்ப்பாண வீடுகளிலிருந்து அன்றாடப் பொருள்களைச் சேகரித்து, கண்ணாடிப் போத்தல்களில் இட்டு, 2004-ல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் காட்சிக்கு வைத்தார். 1981-ல் தீக்கிரையாகி, மீண்டும் எழுந்த அதே நூலகம்! புத்தகங்கள் சாம்பலான இடத்தில், வீட்டுச் சாமான்கள் வரலாறாக நின்றன. ஒரு சாவியோ, அரிக்கன் விளக்கோ, போர்க்காலத்தில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லிவிடும் அல்லவா?

போரில் வீட்டையே இழந்தவர்களிடம் எந்தப் பொருளும் மிஞ்சியிருக்காது. அவர்களைத் தங்கள் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார் சனாதனன். அந்த வரைபடங்கள்தான் 2011-ல் வெளியான அவரது நூலுக்கு அடிப்படை. டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேட்டுக்குத் 'தோம்பு' என்று பெயர். அதையே நூலின் தலைப்பிலும் வைத்தார். அரசாங்கப் பதிவேட்டில் இல்லாத வீடுகள் அவர் புத்தகத்தில் பதிவாகின.

பரணில் இருக்கும் தாத்தா

குமரி மாவட்டத்திலும் இப்படிப் பதிவாக வேண்டிய பொருள்கள் ஏராளம். பனையேறியின் பாளை அருவாளும் முருக்குத்தடியும், ரப்பர் பால் வெட்டுபவரின் கத்தி, பாட்டியின் வெற்றிலைச் செல்லம்... தொழில் மாறும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும் இவைதான் முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். கையில் இருக்கும் பொருள் யாருடையது, அவர் அதை வைத்து என்ன செய்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்வதை மொபைலில் பதிவு செய்து, பொருளையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். உருவப்படமே இல்லாமல் மறைந்துபோன ஒரு தாத்தாவுக்கு, அவரது அருவாள்தான் ஒரே உருவப்படமாக இருக்கக்கூடும்!