நவராத்திரியும் அரச மதிப்பும்: காலனியக் கால இராமநாதபுரம் சமஸ்தானம்

முன்னுரை

காலனிய ஆட்சியில் குறுநில மன்னர் பலர் ஜமீன்தார்களாயினர். படையும் நீதி வழங்கும் அதிகாரமும் அவர்களிடமிருந்து நீங்கின. அதன்பின் அவர்தம் அரச மதிப்பு எதனால் நிலைபெற்றது என்னும் வினாவிற்கு இராமநாதபுரத்து நவராத்திரி விடை தருகிறது. விழா, முன்பே உள்ள மதிப்பைக் காட்டும் அணி மட்டுமன்று. மதிப்பை உருவாக்கும் களமும் ஆகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விழாவின் அரசியல் வேர்

விசயநகர மகாநவமி மரபு மதுரை நாயக்கர் வழியே சேதுநாட்டை அடைந்தது. 17ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையெடுப்பின்போது துணைநின்ற இரகுநாத சேதுபதிக்கு, மதுரையில் நிகழ்வது போன்றே நவராத்திரி கொண்டாடும் உரிமையைத் திருமலை நாயக்கர் அளித்தார் என்பது சேதுபதிகளின் மரபுவழிச் செய்தி. ஆகவே, இவ்விழா தொடக்கத்திலேயே ஓர் அரசுரிமையாகக் கருதப்பட்டது. அரண்மனையில் இராசராசேசுவரி அம்மன் வழிபாடு, மன்னரின் கொலு, புலவர்க்கும் இசைவாணர்க்கும் அந்தணர்க்கும் கொடை ஆகியன அதன் கூறுகள். யார் முன், யார் பின் மரியாதை பெறுவர் என்னும் வரிசை, ஒவ்வொருவர் நிலையையும் அவையறியச் செய்தது.

உடைமையும் கொடையும்

கும்பினியார் 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கினர். 1803இல் நிலையான நிலவரித் திட்டத்தின்கீழ் இராமநாதபுரம் ஜமீன் ஆயிற்று. புதிய சட்டம் சேதுபதியை வரி செலுத்தும் நில உடைமையாளராகக் கண்டது. குடிகளோ அவரைக் கொடையாளராகவே எதிர்பார்த்தனர். இம்முரண் பாஸ்கர சேதுபதியின் (1868–1903) வாழ்வில் முற்றியது. சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற்று 1889இல் பொறுப்பேற்ற அவர், 1892 நவராத்திரியைப் பெருஞ்சிறப்புடன் நடத்தினார். கொடுத்தால் அரசர், கொடாதிருந்தால் வெறும் நிலக்கிழார் என்பதே அவர்முன் நின்ற நிலை. கொடை புகழை வளர்த்தது, கடனையும் வளர்த்தது. முன்னோர்க்கு அரச கடமையாக இருந்த செலவு, காலனியச் சட்டத்தின் கண்ணில் ஊதாரித்தனமாயிற்று.

மதிப்பும் விலக்கும்

மரியாதை வரிசை, உள்ளே நிற்பவரை மட்டுமன்றி வெளியே நிறுத்தப்படுபவரையும் வரையறுக்கிறது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார்கள் நுழைந்தபோது, அக்கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்னும் நிலையில் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும், இறுதியாக 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தன. முன்பு அரசவை வகுத்த வரிசையை இப்போது நீதிமன்றம் உறுதிசெய்தது.

முடிவுரை

புதுக்கோட்டையை ஆராய்ந்த நிக்கோலஸ் டர்க்ஸ், காலனியக் கால அரசை 'வெற்று மகுடம்' என்றார் (1987). இராமநாதபுரத்தில் அம்மகுடம் அதிகாரத்தை இழந்திருப்பினும், மக்களைத் தரம்பிரிக்கும் ஆற்றலை இழக்கவில்லை. அவ்வாற்றலுக்கான விலையை அரண்மனை கடனாகவும், ஒடுக்கப்பட்டோர் விலக்காகவும் செலுத்தினர். எனவே, விழா வரலாற்றை ஆராய்வோர் கொடைப் பட்டியலோடு வழக்கு ஆவணங்களையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாதது.