ஸ்பானிஷ் மொழியிலும் ஓர் 'ஆல்' உண்டு

எங்கள் மகள் தில்லியில் பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் ஸ்பானிஷ் படிக்கிறாள். அவளோடு உட்கார்ந்து நானும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று வருகிறேன். ஒரு நாள் அவள் நோட்டில் ஆசிரியை சிவப்பு மையால் ஒரு சொல்லைச் சுழித்திருந்தார். "பாட்டி இங்கே வசித்தால் அவளோடு தமிழ் பேசுவேன்" என்று எழுத நினைத்தவள், 'ஸி மி அபுவேலா பிவே அகீ' என்று ஆரம்பித்திருந்தாள். 'ஸி' என்றால் நம் 'ஆல்'. 'பிவே' என்றால் வசிக்கிறாள். அப்படி எழுதினால், பாட்டி இங்கேயே இருக்கலாம், அது நமக்குத் தெரியாது என்று பொருளாகிவிடும். பாட்டியோ கும்பகோணத்துப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். இல்லாத ஒன்றை நினைத்துச் சொல்லும்போது 'பிவியேரா' என்றுதான் எழுத வேண்டும்.

"தமிழ்ல 'இருந்தால்'னு ஒண்ணுதானேப்பா? இவங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

இந்த வடிவத்தை உண்டாக்குவது சுலபம். இறந்தகாலத்தில் 'அவர்கள்' என்பதற்குரிய வினையை எடுத்துக்கொள்ளுங்கள். பேசினார்கள், 'அப்லாரோன்'. சாப்பிட்டார்கள், 'கொமியேரோன்'. வசித்தார்கள், 'பிவியேரோன்'. கடைசி 'ரோன்' என்பதை வெட்டிவிட்டு, நான் என்றால் 'ரா', நீ என்றால் 'ராஸ்', அவன், அவள் என்றால் 'ரா', நாங்கள் என்றால் 'ராமோஸ்', நீங்கள் என்றால் 'ராயிஸ்', அவர்கள் என்றால் 'ரான்' சேர்த்தால் போதும். அப்லாரா, கொமியேரா, பிவியேரா கிடைத்துவிடும். 'ரா' வருமிடத்தில் 'ஸே' சேர்த்து 'அப்லாஸே' என்று சொல்லும் வழக்கமும் உண்டு. பேச்சில் 'ரா'தான் அதிகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாமும் இதையேதான் செய்கிறோம். பேசின் + ஆல், வந்த் + ஆல். 'நாளைக்கு வந்தால்' என்கிறோம். அடிச்சொல் இறந்தகாலத்துடையது, பொருளோ வரப்போகிற நாளைப் பற்றியது! ஸ்பானிஷிலும் வடிவம்தான் இறந்தகாலத்திலிருந்து வருகிறது, பொருள் கற்பனை. ஒரே வித்தியாசம், நடக்கக்கூடியதையும் நடக்காததையும் நாம் ஒரே 'ஆல்' போட்டுச் சொல்லி, எது என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அவர்கள் வினையிலேயே பிரித்துவிடுகிறார்கள். கற்பனையாக இருந்தால், வாக்கியத்தின் பின்பாதி 'அப்லாரீயா', அதாவது 'பேசுவேன்', என்று முடியும்.

வேறு இடங்களிலும் இது வரும். 'கெரீயா கே மி இஹா அப்லாரா தமில்' என்றால், என் மகள் தமிழ் பேச வேண்டும் என்று விரும்பினேன். விருப்பம் இறந்தகாலத்தில் இருப்பதால் அடுத்த வினை இந்த வடிவம் எடுக்கிறது. நிறைவேறுவது கடினமான ஆசைக்கு முன்னால் 'ஓஹலா' என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி இருந்ததே, அந்தக் காலத்து அரபு மொழி விட்டுப்போன சொல் அது. 'இறைவன் நாடினால்' என்பது அதன் மூலப்பொருள்.

ஓர் எச்சரிக்கை. 'அப்லாரா' என்பதில் அழுத்தம் நடு எழுத்தான 'லா'வில் விழ வேண்டும். கடைசி 'ரா'வில் விழுந்தால் 'பேசுவாள்' என்ற எதிர்காலம் ஆகிவிடும். மேலே சொன்ன வாக்கியத்தை நான் கடைசியில் அழுத்திப் படித்ததும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என் ஆசையை நடக்கப்போகிற சேதியாக ஆக்கிவிட்டேனாம்!

திருத்திய வாக்கியம் இது: 'ஸி மி அபுவேலா பிவியேரா அகீ, அப்லாரீயா தமில் கோன் எய்யா.' அன்றிரவே போனில் பாட்டிக்குத் தமிழில் அர்த்தம் சொன்னாள். திக்கித் திக்கித்தான் சொன்னாள், ஆனாலும் முழுக்கத் தமிழில் சொன்னாள்.

"இருந்தா என்னடி இருந்தா? அறுப்பு முடிஞ்சதும் வந்துட்டாப் போச்சு" என்றாள் என் அம்மா.

இனி அந்த வாக்கியத்தில் 'பிவியேரா' வேண்டாம். 'ஸி பியேனே', பாட்டி வந்தால், என்று சாதாரண நிகழ்காலத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.