பாதம் மரத்துப்போகும் முன்னே...

சரக்கு தீர்ந்ததை அலமாரி காலியான பிறகு அறிவது வியாபாரம் ஆகாது. சர்க்கரை நோயாளியின் கால் நரம்புகளும் அப்படித்தான். மரத்துப்போனது தெரியும்போது நரம்பிழைகளில் ஒரு பகுதி ஏற்கெனவே கெட்டிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நாள் முழுதும் வெறுங்காலுடன் நிற்கும் நம் வணிகப் பெருமக்கள் இதை அறிந்திருப்பது அவசியம். ஆணி குத்தியும் வலிக்காத காலில்தான் புண் புரையோடி, விரலை எடுக்கும் நிலை வருகிறது.

முதலில் கெடுவது ஏன் பாதம்? அங்கே செல்பவையே உடலின் மிக நீளமான நரம்புகள். மிகுதியான சர்க்கரை நரம்பிழைகளையும், அவற்றுக்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சேர்த்தே தாக்குகிறது.

இதை முன்கூட்டியே காட்டுவது நரம்புக் கடத்தல் சோதனை. கெண்டைக்காலின் பின்புறம் லேசான மின்துடிப்பு கொடுத்து, சுமார் 14 செ.மீ. கீழே, வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் அதைப் பதிவு செய்வார்கள். சுரீர் என்றிருக்கும், ஆபத்தில்லை. அந்தத் தூரத்தை 3.5 மில்லி விநாடியில் கடந்தால், வேகம் விநாடிக்கு 40 மீட்டர். இது ஏறக்குறைய இயல்பின் கீழெல்லை.

பார்க்க வேண்டிய கணக்கு இரண்டு. லாரிகள் எவ்வளவு வேகமாக வருகின்றன என்பது போன்றது துடிப்பின் வேகம். எத்தனை லாரிகள் வந்து சேர்ந்தன என்பது போன்றது அலையின் உயரம். நரம்பிழைகள் அழிய அழிய அலை சிறுத்துவிடும்.

பாதம் குளிர்ந்திருந்தால் வேகம் குறைவாகக் காட்டும். எனவே கால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வலி, சூடு உணரும் மெல்லிய இழைகளை இச்சோதனை அளப்பதில்லை. ஆகவே முடிவு சரியாக இருந்தும் பாதம் எரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. நடுவயதில் வரும் சர்க்கரை நோய்க்கு, கண்டறிந்த நாள் முதல் ஆண்டுதோறும் இசைக்கவை, நைலான் இழை கொண்டு பாதத்தைச் சோதித்தாலே பெரும்பாலும் போதும். ஐயம் இருந்தால் மட்டும் மருத்துவர் இதை எழுதிக் கொடுப்பார்.

1993-ல் முடிவு வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், இளவயதிலேயே இன்சுலின் தேவைப்படும் வகை நோயாளிகள் சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியதால் நரம்புக் கோளாறு சுமார் 60 சதவீதம் குறைந்தது. அழிந்த இழையை மீட்பது கடினம். இருப்பதைக் காப்பது நம் கையில். வருடக் கணக்கை முடிக்கும்போது பாதத்தின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.