வைரசுக்குக் கேட்காத மருந்து!

கொரோனா ஒரு வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் மருந்து, பாக்டீரியா கிருமியைத்தான் கொல்லும். வைரசை ஒன்றும் செய்யாது. இது டாக்டர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

ஆனாலும் கொடுத்தார்கள். 65 நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளின் கணக்கை, உலக சுகாதார நிறுவனம் 2024-ம் ஆண்டு வெளியிட்டது. அவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குத்தான் பாக்டீரியா தொற்றும் இருந்தது. மருந்து பெற்றவர்களோ, நூற்றுக்கு 75 பேர்!

ஏன் கொடுத்தார்கள்?

பயம்தான் காரணம். நோயாளி மூச்சுத் திணறுகிறார். நுரையீரலில் பாக்டீரியாவும் புகுந்துவிட்டதா? சோதனை முடிவு வர நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியுமா? "எதற்கும் இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பலன் உண்டா?

'அசித்ரோமைசின்' என்ற மருந்தை இங்கிலாந்தில் 2020-ம் ஆண்டு பல ஆயிரம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாவு குறையவில்லை.

கெடுதல் உண்டு. தேவை இல்லாமல் மருந்தைத் தின்றால், பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். பிறகு, அந்தக் கிருமியால் நிமோனியா வந்தால் மருந்து கேட்காது. உயிருக்கே ஆபத்து!

ஆகவே, காய்ச்சல் என்று போனால், "அந்த மாத்திரையை எழுதுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள். "இது அவசியமா, டாக்டர்?" என்று கேளுங்கள். அவசியம் என்றால், அவர் சொன்னபடி சாப்பிடுங்கள்.