கம்பிக் கோலமும் வெளிநிரப்பும் வளைகோடும்

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீட்டு வாசல்களை அணிசெய்த கம்பிக் கோலத்தை நாம் பெரும்பாலும் அழகுக் கலையாகவே நோக்கி வந்துள்ளோம். புள்ளிகளைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் அந்த ஒற்றைக் கோடு கணித ஆய்வுக்கும் உரியது. முடிவிலா நீளமுடைய வளைகோடுகளைப் பற்றிய அறிவு நம் கோலத்தில் முன்பே இருந்தது என்று மேடைகளில் கூறுவோரும் உளர். அக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கோட்டுக்கு நீளம் உண்டு, பரப்பு இல்லை என்பது நாம் பள்ளியில் கற்றது. 1890ஆம் ஆண்டு இத்தாலியக் கணித அறிஞர் பியானோ, இடையறாத ஒரு கோடு ஒரு சதுரத்தின் எல்லாப் புள்ளிகள் வழியாகவும் செல்லக்கூடும் என நிறுவினார். மறு ஆண்டு ஜெர்மானியரான ஹில்பர்ட் இதனைப் படத்தால் எளிமையாக்கினார். சதுரத்தை நான்கு கட்டமாக்கி அவற்றின் நடுப்புள்ளிகளை ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கட்டத்தையும் நான்காக்கிப் பதினாறு நடுப்புள்ளிகளையும் ஒரே கோட்டால் இணைக்க வேண்டும். சதுரத்தின் பக்கம் ஒரு மீட்டர் எனில், கோட்டின் நீளம் முதற்படியில் 1.5 மீட்டர், இரண்டாம் படியில் 3.75, மூன்றாம் படியில் 7.875 என ஏறத்தாழ இரட்டித்துச் செல்லும். இருபதாம் படியில் அது 1,048 கிலோமீட்டரைத் தாண்டும். புக்கிட் காயு ஹித்தாமிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் நீளமோ 772 கிலோமீட்டர்தான்! ஆயினும் அந்தப் படியிலும் சதுரம் நிரம்புவதில்லை. படிகள் முடிவின்றித் தொடரும்போது அவை நெருங்கிச் செல்லும் எல்லைக்கோடே சதுரத்தை நிரப்புகிறது. மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுவே.

கோலத்தைக் கணித நெறியில் ஆராய்ந்தோருள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் முன்னோடிகள். 1974இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை கோலத்திற்கு இலக்கணம் வகுத்தது. இலக்கணம் பயிலும் நம் துறையினர்க்கு இஃது அயலானதன்று. எழுத்தின் இடத்தில் கோட்டுத் துண்டும், புணர்ச்சி விதியின் இடத்தில் மாற்றீட்டு விதியும் நிற்கின்றன. 1980களில் புருசின்கியேவிச் என்பார், செடிகளின் வளர்ச்சியை விளக்க லிண்டன்மேயர் 1968இல் அமைத்த விதிமுறையைக் கொண்டு 'கிருஷ்ணர் கொலுசு' என்னும் கோலத்தைக் கணினியில் வரைந்தார். அக்கோலத்தின் ஒவ்வொரு படியிலும் முந்தைய உருவம் நான்கு முறை இடம்பெற்று ஒரே கோடாக இணைகிறது. 1912இல் போலந்து அறிஞர் சியர்பின்ஸ்கி காட்டிய வெளிநிரப்பும் வளைகோட்டிற்கு இது நெருங்கிய உறவுடையது.

எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. ஹில்பர்ட்டின் சதுரம் மாறுவதில்லை, புள்ளிகளே நெருங்குகின்றன. கோலத்திலோ புள்ளிகளின் இடைவெளி கையளவுக்கு ஏற்ப நிற்கிறது. படி கூடக்கூட வாசலே விரிய வேண்டும். மாவுக் கோட்டுக்குத் தடிப்பும் உண்டு. ஆதலின் முடிவிலியைக் கோலமிட்ட பெண்கள் கண்டனர் எனல் மிகையே. ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செலுத்திச் சிறியதிலிருந்து பெரியதை ஆக்கும் முறையை அவர்கள் கையாண்டனர் என்பதில் ஐயமில்லை. அதுவே நாம் பெருமையுடன் கூறத்தக்கது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் பல குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. விரியும் வாசல் அங்கில்லை. தீபாவளியின்போது பேரங்காடிகளில் இடப்பெறும் வண்ண அரிசிக் கோலம் கண்ணுக்கு இனியது. ஆனால் அது நிறத்தால் பரப்பை நிரப்புவது, கோட்டின் விதி அதில் இல்லை. முடிந்த கோலத்தைப் புகைப்படம் எடுத்து வைப்பதாலும் விதி கிட்டாது. கை எங்கே தொடங்கியது, எப்பக்கம் திரும்பியது, ஐந்து புள்ளிக் கோலம் ஒன்பது புள்ளியாக எவ்வாறு வளர்ந்தது என்பவற்றை வரைந்தவரே சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஊர் திரும்பும் கெடா மாணவர்கள் தம் பாட்டிமாரிடம் இவற்றை வரிசைமுறையோடு கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.