உள்ளம் மறைப்பதை உடல் உரைக்கும்

நமது ஊர் வைத்தியசாலைகளிலே காலை வேளையிற் காத்திருப்போரின் முறைப்பாடுகளைச் செவிமடுத்தால், அவற்றுட் சில ஒரே வகையினவாக இருப்பதைக் காணலாம். தீராத தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் உளைவு, வயிற்றெரிவு, நித்திரையின்மை என்பனவே அவை. இரத்தத்தைச் சோதிப்பர், படம் பிடிப்பர், ஈற்றில், “உமக்கு ஒரு வருத்தமும் இல்லை” என்று கூறிச் சில குளிசைகளைக் கொடுத்து அனுப்புவர். நோயாளியோ நோவுடனேயே வீடு திரும்புவார். வீட்டிலுள்ளோர் அதனை நடிப்பென்று கருதினால், நோவோடு அவமானமும் சேர்ந்துகொள்ளும்.

இந்நோவு பொய்யன்று. உள்ளத்தில் எழும் உணர்ச்சி மெய்யிலே புலப்படும் என்பதைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என ஓரியலையே வகுத்தார். அவர் கூறிய மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் ஒன்று. இலக்கியம் கண்ட இவ்வுண்மையை ஆய்வுகூடத்தில் நிறுவியவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கனன் என்பவர். அச்சமும் சினமும் உடலிற் செய்யும் மாற்றங்களைப் பற்றி 1915ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். ஆபத்தைக் கண்டதும் சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரினலீனைச் சுரக்கின்றன, இதயம் விரைகின்றது, ஈரல் வெல்லத்தை இரத்தத்திற் சேர்க்கின்றது, சமிபாடு தடைப்படுகின்றது. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இதுவாகும்.

ஆபத்து நீங்கினால் உடலும் தணியும். நீங்காவிடின் யாது நிகழும்? கனடாவின் மொன்றியல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செலியே 1936இல் இதற்கு விடை தந்தார். வெவ்வேறு துன்பங்களுக்கு ஆளாக்கப்பட்ட எலிகளின் உடலிலே ஒரே வகையான கேடுகள் தோன்றுவதை அவர் கண்டார். முதலில் அதிர்ச்சி, அடுத்துத் தாங்குதல், ஈற்றிற் களைத்து வீழ்தல் என அவர் அதனை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். இன்று நாம் உளநெருக்கீடு எனக் குறிக்கும் கருத்து அவ்வாய்விலிருந்தே பரவியது.

மனிதரிடத்தும் இது சோதிக்கப்பட்டுள்ளது. ஷெல்டன் கோகன் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும், நலமாயிருந்த 394 பேரின் மூக்கில் தடிமன் நோய்க்கிருமி கலந்த துளிகளை இட்டுப் பார்த்தனர். மனநெருக்கீடு மிகுந்தோரிடையே தடிமன் பிடித்தவர்கள் மிகுதி என அவர்கள் 1991இல் அறிவித்தனர். மறதிநோயுற்ற உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேரை, அத்தகைய சுமையில்லாத 13 பேருடன் ஒப்பிட்ட ஆய்வொன்று 1995இல் வெளிவந்தது. ஒரே அளவான சிறு காயம் ஆறுவதற்குப் பராமரிப்போருக்கு ஏறக்குறைய ஒன்பது நாள்கள் கூடுதலாக வேண்டியிருந்தன. கவலை காயத்தையும் ஆறவிடாது என்பது இதனாற் பெறப்படும்.

தொலைநாட்டு ஆய்வுகளோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரமும் வைத்தியர் சிவயோகனும், போர்க்காலத்தில் வாழ்ந்த பொதுமக்கள் 101 பேரை ஆராய்ந்து, 1994இற் பிரித்தானிய உளமருத்துவ இதழில் எழுதினர். அவர்களுள் நூற்றுக்கு 64 பேரிடம் போரின் உளப் பாதிப்புகள் காணப்பட்டன. நூற்றுக்கு 27 பேரிடம் மனவடுவும், 26 பேரிடம் பதகளிப்பும், 25 பேரிடம் கடும் மனச்சோர்வும் இருந்தன. இவை எல்லாவற்றிலும் மிகுதியாய் இருந்தது, உள்ளத்துயர் உடல் நோவாக வெளிப்படும் நிலையே. அது நூற்றுக்கு 41 பேரிடம் காணப்பட்டது. துயரைச் சொல்லால் உரைக்க வழியற்றவரிடத்து உடலே அதனை உரைக்கின்றது என நாம் கொள்ளலாம்.

திருகோணமலைக்கு இது அந்நியமான செய்தியன்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த துறைமுகம் இது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இம்மாவட்டத்து மூவின மக்களும் இழப்புகளைக் கண்டனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளைக் கடல் விழுங்கியது. அத்துயர் ஆறுமுன்னரே, 2006இல் மூதூர் மக்கள் மீண்டும் மூட்டை முடிச்சுடன் ஓட நேர்ந்தது. கடலை நம்பி வாழ்பவன் கடலுக்கே அஞ்சும் நிலையினும் கொடிய நெருக்கீடு வேறு யாது?

இறந்தவர்க்கு எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்கின்றோம். உறவினர் கூடுகின்றனர், பெண்கள் ஒப்பாரி வைக்கின்றனர். அழுகைக்கு ஓரிடமும் ஒரு முடிவும் அங்கே கிடைக்கின்றன. காணாமற்போனவனின் தாய்க்கோ அந்த ஆறுதலும் இல்லை. அவன் உளனோ இலனோ என்று அறியாதவள் எங்ஙனம் கிரியை செய்வாள்? பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா என்று அவன் மனைவி கலங்குவாள். இத்தகைய வீடுகளிலே நித்திரையின்மையும் நெஞ்சுநோவும் ஆண்டுக்கணக்காகக் குடியிருப்பதில் வியப்பில்லை.

இனி, தாங்கும் வழிகளை நோக்குவோம். லாசரஸ், போல்க்மன் என்னும் அறிஞர் இருவர் 1984இல் வெளியிட்ட நூலில் அவற்றை இருவகையாக்கினர். துன்பத்தின் காரணத்தையே மாற்ற முயல்வது ஒன்று. மாற்ற இயலாதவிடத்து மனத்தைத் தணிப்பது மற்றொன்று. கடன் தொல்லைக்கு முன்னது பொருந்தும். மரணத் துயருக்குப் பின்னதே வழி. எது எதற்கு உரியதென்று தெளிதலே பாதி மருந்தாகும்.

மனத்தைத் தணிப்பதற்கு நம் மரபிலேயே சாதனங்கள் உள. மூச்சுப்பயிற்சி, சாந்தியாசனம், மந்திர செபம் ஆகியவற்றைச் சோமசுந்தரம் தம் மருத்துவத்திற் பயன்படுத்தினார். சைவருக்கு ஐந்தெழுத்து, இஸ்லாமியருக்குத் திக்ர், கத்தோலிக்கருக்குச் செபமாலை, பௌத்தருக்குச் சரணம் என அவரவர் நெறிக்கேற்ப இவை அமையலாம். பல மதத்தினரும் அயலவராய் வாழும் நம் நகருக்கு இது மிகவும் ஏற்றதன்றோ? சாராயப் போத்தலை நாடுவதும் ஒருவகைத் தாங்கலே. ஆயினும் அது ஒருவனின் துயரைக் குடும்பம் முழுவதற்கும் பங்கிட்டுக் கொடுப்பதோடு முடியும்.

ஓர் எச்சரிக்கை. நெஞ்சுநோவு அனைத்தும் மனத்தால் வருவதெனக் கொள்ளுதல் ஆபத்தாகும். முதலில் உடலைச் சோதித்தல் வேண்டும். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையே காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். பெரும்பாலான புண்களுக்கு ஒரு பற்றீரியாவும் சிலவகை நோவு மருந்துகளுமே காரணமென்பது பின்னர் தெளிவாயிற்று. சோதனையில் ஒன்றும் புலப்படாதவிடத்து, “ஒன்றுமில்லை” என்று கைவிடாது, “உமக்கு என்ன கவலை?” என்று கேட்பதே முறை.

அக்கேள்வியைக் கேட்க வைத்தியராய் இருத்தல் வேண்டுமென்பதில்லை. அக்காவோ, அயல்வீட்டு மாமியோ, பாடசாலை ஆசிரியரோ கேட்கலாம். அறிவுரை கூற விரையாது முழுவதையும் கேட்டிருக்கலாம். அதனாலும் தணியாத துயருக்கு அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம். காய்ச்சலுக்கு வைத்தியரை நாட நாம் வெட்கப்படுவதில்லை. மனநோவுக்கும் அவ்வாறே வெட்கமின்றிச் செல்லும் வழக்கம் நம் வீடுகளிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.