காலி இருக்கைக்கு விலை வைக்கும் கணக்கு

விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிவிட்டால் அதில் காலியாகக் கிடக்கும் இருக்கையை இனி யாருக்கும் விற்க முடியாது. பொழுது சாயச் சாய சந்தையில் கீரைக்கட்டு விலை இறங்குவதைப் போல, புறப்படும் நேரம் நெருங்க நெருங்க டிக்கெட் விலையும் இறங்கத்தானே வேண்டும்? லண்டன் ஹீத்ரோவிலிருந்து நாளைக் காலை நியூயார்க் போக இன்றைக்குத் தேடிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் வாங்கியவர் கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிகமாகக் கேட்பதுதான் வழக்கம்.

கடைசி நாள் டிக்கெட்டே மலிவாக இருந்த காலமும் உண்டு. 1977 செப்டம்பர் 26-இல் ஃப்ரெடி லேக்கர் ‘ஸ்கைட்ரெயின்’ என்ற சேவையைத் தொடங்கினார். லண்டன் கேட்விக்கிலிருந்து நியூயார்க்குக்கு ஒருவழிக் கட்டணம் 59 பவுண்டு. முன்பதிவு கிடையாது, பறக்கும் நாளில் வரிசையில் நின்று வாங்க வேண்டும். சாதாரண மக்கள் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். 1982 பிப்ரவரியில் லேக்கரின் விமான நிறுவனம் நொடித்துப் போனது. நிலைத்து நின்றது அதற்கு முன்பே பிறந்திருந்த ஒரு கணக்கு.

பின்னாளில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் பகுதியாகிவிட்ட பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972-இல் அதை எழுதினார். ஓர் இருக்கைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மலிவுக் கட்டணம் 100 பவுண்டு, முழுக் கட்டணம் 400. இரண்டு வாரம் முன்பே ஒருவர் வந்து 100 தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? கடைசி நேரத்தில் 400 கொடுக்க ஆள் வரும் வாய்ப்பு 30 சதவீதம் என்றால், அந்த இருக்கையின் எதிர்பார்ப்பு மதிப்பு 120 பவுண்டு. எனவே 100-க்கு விற்கக் கூடாது. வாய்ப்பு 20 சதவீதம்தான் என்றால் மதிப்பு 80, உடனே விற்றுவிடலாம். இவ்வளவுதான் விதி. இருக்கை காலியாகப் பறந்தாலும் பறக்கட்டும் என்று நிறுவனம் துணிவது இதனால்தான்.

1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்த வகைக் கணக்கைக் கணினியில் ஏற்றி, முன்கூட்டியே வாங்குவோருக்கு மட்டும் சில இருக்கைகளை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தது. எல்லா இருக்கைகளையும் மலிவாக விற்றுவந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற போட்டி நிறுவனம் தாக்குப்பிடிக்க முடியாமல் அடுத்த ஆண்டே கைமாறியது. இரண்டு கட்டணத்துக்கு எழுதிய விதியை, எம்.ஐ.டி.யின் பீட்டர் பெலோபாபா 1987-இல் பல கட்டணங்களுக்கு விரித்தார். இன்று ஒரே எகானமி வகுப்பின் இருக்கைகள் பல அடுக்குகளாகப் பிரிந்து கிடக்கின்றன. உங்கள் டிக்கெட்டில் ஒய், எம், க்யூ என்று ஓர் எழுத்து இருக்கும். அதுதான் நீங்கள் வாங்கிய அடுக்கு. மலிவான அடுக்கில் ஓர் இருக்கை மட்டும் மிச்சமிருக்க, நீங்கள் இருவருக்குச் சேர்த்துத் தேடினால், பல தளங்கள் இரண்டையும் மேலடுக்கு விலைக்கே காட்டும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்ப்பது நல்லது.

ஆக, கடைசி நிமிட விலையைத் தீர்மானிப்பது எத்தனை இருக்கை காலி என்பது மட்டுமல்ல. அந்தத் தடத்தில் கடைசி நிமிடத்தில் வழக்கமாக யார் வருகிறார்கள் என்பதே பெரிது. திங்கள் காலை ஹீத்ரோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகும் விமானத்துக்கு, கம்பெனிச் செலவில் பறக்கும் அதிகாரிகள் கடைசியில் வருவார்கள். அங்கே மலிவு அடுக்கு திறக்காது. கேட்விக்கிலிருந்தும் லூட்டனிலிருந்தும் ஃபாரோ, பால்மா போன்ற கடற்கரை ஊர்களுக்குப் போகும் விமானங்களின் கதை வேறு. விடுமுறைக்குப் போகிறவர்கள் முன்பே வாங்கிவிடுவார்கள். கடைசியில் முழு விலை கொடுக்க ஆள் குறைவு. பள்ளி விடுமுறை இல்லாத வாரத்தில், நடுவாரத்தின் நண்பகல் விமானங்களில் விலை சரிவதை அங்கே பார்க்கலாம். ஊர் எதுவானாலும் சரி என்று கிளம்பக்கூடியவருக்கு லண்டன் தாராளமான நகரம்.

ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்தான் இந்தக் கணக்கில் அடிபடுகிறார். லண்டனில் வாழும் தமிழர் ஒருவருக்கு நள்ளிரவில் சென்னையிலிருந்து சாவுச் செய்தி வருகிறது. அவரும் கடைசி நிமிடத்தில், என்ன விலையானாலும் வாங்குகிறவர்தான். கம்பெனி அதிகாரிக்கும் அவருக்கும் கணக்கில் வித்தியாசமில்லை. இது அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சரிசெய்ய முடியாததும் அல்ல. ஏர் கனடா, நெருங்கிய உறவினரின் சாவுக்குப் போகிறவர்களுக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கிறது. மற்ற நிறுவனங்களும் வைக்கலாம், வைக்க வேண்டும்.

அதுவரை அப்படிப்பட்டவர் நேரடி விமானத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்டையை நீட்ட வேண்டாம். துபாய், தோஹா, மஸ்கட் வழியாக மாறிப் போகும் விமானங்களையும் பார்க்கட்டும். அவசரத்தில் இருக்கும் அதிகாரி மாறிப் போவதை விரும்பமாட்டார் என்பதால், அங்கே கீழடுக்குகள் பல நேரம் இன்னும் திறந்திருக்கும். சாவுக்குப் போகும் பயணம் என்று நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, தனிக் கட்டணம் உண்டா என்றும் கேட்கட்டும். தேடுபொறியின் விலைப் பட்டியலில் அந்தக் கட்டணம் வராது.